"வெயிட்டைக் குறைத்துவிட்டு வா" என்று எழுதித் தரும் டாக்டர்களுக்கு

குமரி மாவட்டத்தில் பெண்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

என்னிடம் ஐந்து பழைய சீட்டுகள் இருக்கின்றன. ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, பீரோவில் ஆதார் கார்டுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஐந்தும் குழந்தைக்காகப் போனபோது ஐந்து டாக்டர்கள் எழுதியவை. நாகர்கோவிலில் இரண்டு, மார்த்தாண்டத்தில் இரண்டு, எல்லை தாண்டித் திருவனந்தபுரத்தில் ஒன்று. மாத்திரைகள் சீட்டுக்குச் சீட்டு மாறுகின்றன. கடைசி வரி மட்டும் நான்கு சீட்டிலும் ஒன்றுதான்: வெயிட்டைக் குறைக்கவும். எவ்வளவு குறைக்க வேண்டும், எப்படிக் குறைக்க வேண்டும், குறைகிற வரைக்கும் என்ன செய்ய வேண்டும் என்று எதிலும் இல்லை. ஐந்தாவது சீட்டின் கதை வேறு, அதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு வயது 32. தக்கலைப் பக்கம் ஓர் அச்சகத்தில் டைப் அடித்து டிசைன் செய்கிற வேலை. கல்யாணப் பத்திரிகை, பால்காய்ச்சு கார்டு, கோவில் கொடை நோட்டீஸ், நினைவஞ்சலி, அப்புறம் குழந்தைகளின் முதல் பிறந்தநாள் ஃபிளெக்ஸ். நம் மாவட்டத்தில் ஃபிளெக்ஸ் வைக்காமல் எந்தக் குழந்தைக்கும் ஒரு வயது பூர்த்தியாவதில்லை, உங்களுக்கே தெரியும். தலையில் கிரீடம் வைத்து, பின்னால் பலூன் விட்டு, ஒரு நாளைக்கு மூன்று குழந்தைகளையாவது நான் அலங்காரம் செய்து அனுப்புகிறேன். அழுதுகொண்டே செய்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். பாதி நாள் அது வெறும் வேலை. மீதி நாளில்தான் கொஞ்சம் கஷ்டம்.

உயரம் 156 சென்டிமீட்டர். உங்களில் ஒருவரிடம் குழந்தைக்காக முதன்முதலில் வந்தபோது எடை 78 கிலோ. பி.சி.ஓ.எஸ். என்கிற சினைப்பை, ஹார்மோன் கோளாறு இருப்பது தெரிந்தது பதினேழு வயதில். ஊரில் பி.சி.ஓ.டி. என்பார்கள், நீர்க்கட்டி என்பார்கள்.

இந்த "நீர்க்கட்டி" என்கிற பெயரிலிருந்தே ஆரம்பிக்கலாம். பதினேழு வயதில் ஸ்கேன் எடுத்த இடத்தில், "சினைப்பையில நிறைய கட்டி இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மா நாகர்கோவிலிலிருந்து வீடு வரைக்கும் பஸ்ஸில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே வந்தாள். கட்டி என்றால் எங்கள் வீட்டில் ஒன்றுதான் அர்த்தம், சித்தப்பா அதில்தான் போனார். அது கட்டியே இல்லை, முட்டை வளர்கிற சின்னச் சின்னப் பைகள் பாதி வளர்ச்சியில் நின்று போய் வரிசை கட்டி நிற்கின்றன, அவ்வளவுதான் என்று எனக்குத் தெரிய பதின்மூன்று வருடம் ஆனது. அதையும் ஒரு டாக்டர் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை. வெளிநாட்டில் நர்ஸாக இருக்கிற என் சித்தி மகள் ஃபோனில் படம் வரைந்து அனுப்பினாள். 1935ல் அமெரிக்காவில் ஸ்டெய்ன், லெவன்தால் என்கிற இரண்டு டாக்டர்கள் ஏழு பெண்களைப் பார்த்து இதை எழுதி வைத்தார்களாம். அன்று ஒட்டிய "கட்டி" இன்னும் உரியவில்லை.

அவள் அனுப்பியதைப் படிக்கப் படிக்கத்தான் இன்னொன்றும் தெரிந்தது. ஸ்கேனை மட்டும் வைத்து இதைச் சொல்லக் கூடாது. மாதவிலக்கு ஒழுங்காக வராமல் இருப்பது, முகத்தில் முடி, பரு மாதிரி ஆண் ஹார்மோன் கூடுதலாக இருப்பதன் அடையாளம், ஸ்கேனில் அந்தப் பைகள் என்று மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும் என்று 2003ல் ராட்டர்டாமில் கூடி முடிவு செய்திருக்கிறார்கள். வயதுக்கு வந்து எட்டு வருடம் ஆகாத பிள்ளைக்கு ஸ்கேனைப் பார்த்து இதைச் சொல்லவே வேண்டாம் என்கிறது 2023ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல். அந்த வயதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சினைப்பை கிட்டத்தட்ட அப்படித்தான் தெரியுமாம். எனக்கு மற்ற இரண்டும் இருந்தன, அதனால் கண்டுபிடித்தது தப்பில்லை. ஆனால் என்னோடு டியூஷன் படித்த இன்னொருத்திக்கும் அதே வயதில் ஸ்கேனை மட்டும் பார்த்து அதையே சொன்னார்கள். அவளுக்கு மாதா மாதம் சரியாக வரும். அவள் காலேஜ் மூன்று வருடமும் கல்யாணத்தை நினைத்துப் பயந்தே படித்தாள்.

சரி, எடைக்கு வருகிறேன்.

நான் போன ஒரு கிளினிக்கில் எடை மிஷின் டோக்கன் மேஜைக்குப் பக்கத்தில் இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நிற்க வேண்டும். சிஸ்டர் குனிந்து பார்த்து, அந்தக் கோடியில் ஃபைல் எழுதுகிற இன்னொரு சிஸ்டருக்குக் கேட்கும்படி "எழுபத்தெட்டு!" என்று கூவுவார். குளச்சல் கடற்கரையில் மீன் ஏலம் விடுகிற தொண்டை. நடுவில் முப்பது பேர் பெஞ்சில் இருப்பார்கள். அன்றைக்கு அந்த முப்பது பேரில், என் வீட்டுக்காரரின் அம்மாவான எங்கள் மாமியோடு சர்ச் அன்பியக் கூட்டத்துக்கு வருகிற ஒரு பாட்டியும் இருந்தார். நான் பஸ் பிடித்து வீடு போய்ச் சேருமுன் எழுபத்தெட்டு போய்ச் சேர்ந்துவிட்டது.

உள்ளே போனேன். டாக்டர் என் முகத்தைப் பார்க்குமுன் ஃபைலைப் பார்த்தார். "எழுபத்தெட்டா? அம்பத்தஞ்சு ஆக்கிட்டு வாங்க, பாக்கலாம்." மொத்தம் நான்கு நிமிடம். காத்திருந்தது மூன்றரை மணி நேரம். உங்களுக்கு வெளியே இன்னும் நாற்பது டோக்கன் இருந்தது, அது எனக்கும் தெரிகிறது. அந்த நான்கு நிமிடத்துக்குள் இன்னும் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம் என்பதுதான் என் வருத்தம். அந்த வாக்கியம் இது: "முதலில் நாலு கிலோ போதும்."

எடையில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்து பங்கு குறைந்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்காகத் தொடங்குகிறது, முட்டை வெளிவரத் தொடங்குகிறது. 78ல் ஐந்து சதவீதம் என்றால் 3.9 கிலோ. நாலு கிலோ என்றால் ஒரு பெண் முயன்று பார்ப்பாள். இருபத்துமூன்று கிலோ என்றால் பஸ் ஏறும்போதே கைவிடுவாள். நான் கைவிட்டேன். அன்று சாயங்காலமே வடசேரி பஸ் ஸ்டாண்டில் இரண்டு ரசவடை வாங்கித் தின்றேன். அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

எங்கள் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்கு நான் பாடம் நடத்த வரவில்லை. ஆனால் இதை நோயாளிகளிடம் சொல்லலாம் என்று கேட்கிறேன். இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் உடம்பு அதை இன்னும் இன்னும் சுரக்கிறது. அந்தக் கூடுதல் இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. முட்டை பாதியில் நிற்கிறது. அதே இன்சுலின் கொழுப்பையும் சேர்த்து வைக்கிறது. சேர்ந்த கொழுப்பு இன்சுலினை இன்னும் மந்தமாக்குகிறது. செக்கு மாடு மாதிரி சுற்றிச் சுற்றி அதே இடம். என் கழுத்தின் பின்னால் அழுக்குப் போலக் கறுப்பாக ஒரு பட்டை உண்டு. சின்ன வயதில் அம்மா அதைப் பீர்க்கங்கூடு வைத்துத் தேய்த்துத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்குவாள். அதுவும் இந்த இன்சுலின் காட்டுகிற அடையாளம்தான் என்று தெரிந்திருந்தால் பாவம், அவளும் தேய்த்திருக்க மாட்டாள், நானும் ஜாக்கெட்டை ஏற்றித் தைக்கச் சொல்லித் தையல்காரியிடம் சண்டை போட்டிருக்க மாட்டேன்.

இதைச் சொல்லாமல் "வெயிட்டைக் குறை" என்று மட்டும் சொன்னால் வீட்டில் அது எப்படிப் போய் விழுகிறது தெரியுமா? தின்று தின்று பெருத்ததால் பிள்ளை இல்லை என்று விழுகிறது. எங்கள் மாமி மோசமானவர் இல்லை. எனக்காகக் கோட்டாறு சவேரியாருக்கு நேர்ந்திருக்கிறார். கழற்சிக்காயை உடைத்து மிளகு சேர்த்துப் பொடித்து டப்பாவில் போட்டுத் தருகிறார். ஆனால் மத்தியானம் என் தட்டைப் பார்த்து, "மக்களே, நல்லா சாப்பிடு, உடம்புல சத்து இருந்தாத்தான் பிள்ளை நிக்கும்" என்பார். ராத்திரி அதே தட்டைப் பார்த்து, "டாக்டர் சொன்னது மறந்து போச்சா?" என்பார். இரண்டும் பாசம்தான். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து ஒரு வாய் சோறு முழுங்கிப் பாருங்கள்.

இதே நோய் ஒல்லியான பெண்களுக்கும் உண்டு. எங்கள் அச்சகத்தில் பைண்டிங் பார்க்கிற தங்கச்சி 47 கிலோ. அவளுக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான். அவளிடம் எந்த டாக்டரும் வெயிட்டைக் குறைக்கச் சொல்லவில்லை. "கல்யாணம் பண்ணு, சரியாகிடும்" என்று சொல்லி அனுப்பினார்கள். எனக்கும் பத்தொன்பது வயதில் இதைச் சொன்னவர்கள் உண்டு. கல்யாணம் இன்சுலினுக்கு என்ன செய்யும் என்று எனக்கு இன்றைக்கு வரை புரியவில்லை.

சாப்பாட்டுச் சீட்டு ஒன்று உண்டே, ஜெராக்ஸ் எடுத்து எடுத்து எழுத்து மங்கினது. காலை ஓட்ஸ், பதினொரு மணிக்கு ஆப்பிள், மத்தியானம் இரண்டு சப்பாத்தி. எங்கள் வீட்டில் காலையில் புட்டும் பயறும், மத்தியானம் சம்பா அரிசிச் சோறும் மீன் குழம்பும், சாயங்காலம் மரச்சீனிக் கிழங்கு. இந்த இரண்டுக்கும் பாலம் போடுகிற வேலை யாருடையது? பதினொரு நாள் ஓட்ஸ் குடித்தேன். பன்னிரண்டாம் நாள் மாமி சாளைப் புளிமுளம் வைத்து மரச்சீனி அவித்தார். கதை முடிந்தது.

பிற்பாடு ஒரு உணவு ஆலோசகர் கிடைத்தார். அவர் சீட்டு எதுவும் தரவில்லை. "நேத்து முழிச்சதுல இருந்து தூங்குற வரைக்கும் வாயில போட்டதெல்லாம் சொல்லுங்க" என்றார். சொல்லிக்கொண்டு வந்தபோது எனக்கே வெட்கமாகப் போன இடம் சாப்பாடு இல்லை, டீ. அச்சகத்தில் ஒரு நாளைக்கு ஐந்து டீ. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. பத்து ஸ்பூன் சர்க்கரையைக் குடித்துவிட்டு, நான் மத்தியானச் சோற்றில் ஒரு கரண்டி குறைத்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். டீயை இரண்டாக்கி, சர்க்கரையை எடுத்துவிட்டோம். மரச்சீனியை விடச் சொல்லவில்லை அவர். கிழங்கைப் பாதியாக்கு, மீனை இரண்டு துண்டாக்கு, அந்த ராத்திரி சோறு வேண்டாம் என்றார். மட்டிப்பழம் ஒன்றோடு நிறுத்து என்றார், குலையோடு உட்காராதே என்று அர்த்தம். வேலை முடிந்து பஸ்ஸில் இரண்டு ஸ்டாப் முன்னால் இறங்கி சானல் கரை வழியே நடந்து வீட்டுக்குப் போ என்றார். ஏழு மாதத்தில் 78 என்பது 74 ஆனது. அதற்கு மேல் அரை கிலோகூட இறங்க மாட்டேன் என்று நிற்கிறது. ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வந்த மாதவிலக்கு இப்போது நாற்பது நாளுக்குள் வருகிறது.

பார்த்தீர்களா, எடை முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. கர்ப்ப காலத்தில் சுகரும் பிரஷரும் கூடும் என்பதும் தெரியும். எடையை வாசல் கதவாக்கி, அதைத் தாண்டினால்தான் உள்ளே விடுவோம் என்று நிற்காதீர்கள் என்கிறேன்.

காத்திருப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. நெதர்லாந்தில், எடை கூடிய, குழந்தை தாமதமான 577 பெண்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பாதிக்கு ஆறு மாதம் எடை குறைப்புப் பயிற்சி, பிறகு சிகிச்சை. மறு பாதிக்கு உடனே சிகிச்சை. 2016ல் முடிவு வந்தது. இரண்டு வருடத்துக்குள் மாதம் நிறைந்து சுகப்பிரசவத்தில் ஆரோக்கியமான ஒற்றைக் குழந்தை பெற்றவர்கள், காத்திருந்தவர்களில் நூற்றுக்கு 27, உடனே சிகிச்சை எடுத்தவர்களில் நூற்றுக்கு 35. காத்திருந்தவர்களில் மருந்து இல்லாமலே கருத்தரித்தவர்கள் அதிகம் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. அந்தப் பெண்கள் எல்லாருக்கும் பி.சி.ஓ.எஸ். இல்லை என்பதும் உண்மை. ஆனாலும் 29 வயதில் "குறைத்துவிட்டு வா" என்று அனுப்பப்பட்டு 32 வயதில் உட்கார்ந்திருக்கிற எனக்கு, அந்த 27க்கும் 35க்கும் நடுவில் இருக்கிற எட்டுப் பேர் முகம் தெரிந்தவர்கள் மாதிரி இருக்கிறது.

இனி நீங்கள் யாருமே கேட்காத ஒரு கணக்கு. இது நம் மாவட்டத்துக்கே உரிய கணக்கு என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஐந்து சீட்டிலும் "கல்யாணமாகி மூணு வருஷம்", "நாலு வருஷம்" என்று எழுதியிருக்கிறது. கேட்டீர்கள், சொன்னேன், எழுதினீர்கள். என் வீட்டுக்காரர் எங்கே இருக்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கத்தாரில் இருந்தார். கல்யாணத்துக்கு வந்தவர் முப்பத்தெட்டாம் நாள் திரும்பிப் போனார். அப்புறம் மூன்று வருடம், வருடத்துக்கு நாற்பத்தைந்து நாள் லீவு. கூட்டினால் 173 நாள். அந்த நாற்பத்தைந்திலும் சொந்தக்காரர் வீட்டு விருந்து, வேளாங்கண்ணி, தங்கச்சி மாப்பிள்ளை வீட்டுப் பஞ்சாயத்து என்று போனது போக மீதி. அந்த நாட்களில் எனக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் மாதவிலக்கு. மூன்று வருடத்தில் நாங்கள் இருவரும் ஒரே ஊரில் இருந்தபோது என் சினைப்பை எத்தனை முட்டை வெளியே விட்டிருக்கும்? இரண்டு? ஒன்றுகூட இல்லாமலும் இருந்திருக்கலாம். ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் கருத்தரிக்காவிட்டால்தான் குழந்தையின்மை என்று பெயர், பெண்ணுக்கு முப்பத்தைந்து தாண்டியிருந்தால் ஆறு மாதம். அந்த ஒரு வருடமே எங்களுக்கு ஆகவில்லை. ஆனால் என் ஃபைலில் மலடு என்பதற்கு இங்கிலீஷில் ஒரு வார்த்தை எழுதி அடிக்கோடும் போட்டிருந்தது.

கருங்கல், புதுக்கடை, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கமெல்லாம் தெருவுக்கு நாலு வீட்டில் இந்தக் கணக்குத்தான். வளைகுடாவில் மாப்பிள்ளை, ஆழ்கடலில் மாதக்கணக்கில் மாப்பிள்ளை. "கல்யாணமாகி எத்தனை வருஷம்?" என்பதற்குப் பதில் "எத்தனை மாதம் சேர்ந்து இருந்தீர்கள்?" என்று கேளுங்கள். ஒரே கேள்விதான் மாறுகிறது, பாதிப் பெண்களுக்கு அழுகை நின்றுவிடும்.

அப்படியே அவருக்கும் ஒரு டெஸ்ட் எழுதுங்கள், முதல் நாளே. குழந்தை தாமதமாகிற தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. எனக்கு ஸ்கேன் பதினொன்று, ரத்தம் எடுத்தது எத்தனை முறை என்று எண்ணிக்கையே இல்லை. அவருக்கு ஒரு விந்துப் பரிசோதனை எழுத நான்கு டாக்டர்களுக்கும் தோன்றவில்லை. "அதான் உனக்குப் பி.சி.ஓ.டி. இருக்கே" என்று முடிந்துவிட்டது. கடைசியில் நானே கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். நான் கேட்டதால் அவர் போனார். கேட்க முடியாத வீடுகளும் இருக்கின்றன. அங்கே உங்கள் கையெழுத்துக்குத்தான் மரியாதை.

கதை வேறு என்றேனே, அந்த ஐந்தாவது சீட்டு திருவனந்தபுரத்துக்காரருடையது. அவர் எடையைப் பற்றிப் பேசவே இல்லை. நேராக டெஸ்ட் ட்யூப் பேபி சிகிச்சை. முட்டை வெளிவர வைக்கிற மாத்திரை ஒன்றுகூடப் போட்டுப் பார்க்காத பெண்ணுக்கு, எங்கள் வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைக்கிற அளவுக்கு ஒரு தொகை எழுதிக் காட்டினார். வேறு கோளாறு இல்லாதவர்களுக்கு முதலில் மாத்திரை, அது பலிக்காவிட்டால் ஊசியோ லேப்ராஸ்கோப்பி என்கிற சின்னத் துளை ஆபரேஷனோ, அதுவும் பலிக்காவிட்டால்தான் டெஸ்ட் ட்யூப் என்று அந்த 2023 வழிகாட்டுதலில் வரிசையாக இருக்கிறது. ஒரு பக்கம் கதவை அடைக்கிறீர்கள், இன்னொரு பக்கம் மொட்டை மாடிக்கே லிஃப்ட் வைக்கிறீர்கள். நடுவில் இருக்கிற படிக்கட்டை யார் காட்டுவார்கள்?

படிக்கட்டைக் காட்டியது ஆறாவது டாக்டர். 74 கிலோவில் போனேன். "இன்னும் குறைஞ்சா நல்லதுதான், அதுக்காக நிக்க வேண்டாம்" என்று சொல்லி, முட்டை வளர வைக்கிற லெட்ரோசோல் மாத்திரை எழுதினார். அதை வாங்கப் போன கதையையும் கேளுங்கள். மெடிக்கல் ஸ்டோர் பையன் சீட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், குரலைத் தாழ்த்தினான். "அக்கா, இது கேன்சருக்குள்ள மாத்திரையாக்கும். யாருக்கு?" பின்னால் நின்றவர்கள் எல்லாம் ஒரு அடி நெருங்கி வந்தார்கள். மாத்திரை அட்டையைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு நாள் தொடவில்லை. மாதவிலக்கின் மூன்றாம் நாள் தொடங்க வேண்டிய மாத்திரை, அந்த மாதம் வீண்.

அந்தப் பையன் சொன்னது பொய்யில்லை. மார்பகப் புற்றுநோய்க்கு வந்த மருந்துதான் அது. குழந்தையின்மைக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று 2011ல் நம் நாட்டில் தடையும் போட்டார்கள், 2017ல் எடுத்தார்கள். நடுவில் 2014ல் அமெரிக்காவில் பி.சி.ஓ.எஸ். உள்ள 750 பெண்களுக்குப் பழைய மாத்திரையான குளோமிஃபீனையும் இதையும் கொடுத்துப் பார்த்ததில், குழந்தை பெற்றவர்கள் அதில் நூற்றுக்கு 19, இதில் நூற்றுக்கு 27க்கு மேல். இன்றைக்கு முதலில் கொடுக்க வேண்டியதே இதுதான் என்கிறார்கள். எழுதும்போதே, "கடையில் கேன்சர் மாத்திரை என்பார்கள், பயப்படாதே, ஐந்து நாள்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு ஒரு மாதம் மிச்சம். நல்ல டாக்டரும் மறந்துபோகிற இடம் இது.

குழந்தை, குழந்தை என்று எல்லாரும் அதையே பார்த்ததில் விட்டுப்போன இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, மாதவிலக்கு வராமலே மாதக்கணக்கில் இருப்பது. இருபத்துநான்கு வயதில் எனக்கு ஐந்து மாதம் வரவில்லை. அம்மா எள்ளுருண்டை பிடித்துத் தந்தாள், பப்பாளி தந்தாள். வலி இல்லை, துணி துவைக்கிற வேலை இல்லை, நல்லதுதானே என்று நானும் இருந்தேன். மூன்று மாதத்துக்கு மேல் வராமல் போய்க்கொண்டே இருந்தால் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும், பல வருடம் அப்படி விட்டால் அங்கே புற்றுநோய் வரும் ஆபத்து கூடும், அதற்காகவாவது மாத்திரை போட்டு வரவழைக்க வேண்டும் என்று சொல்லித் தந்திருக்கலாம். கல்யாணமாகாத பிள்ளைக்கும் கர்ப்பப்பை இருக்கிறது.

இன்னொன்று சுகர். வெறும் வயிற்றில் பார்த்தால் எனக்கு 96. "சுகர் இல்லை" என்று டிக் போட்டார்கள். ஆறாவது டாக்டர்தான் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்க வைத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தார். 152. 140 தாண்டினால் சுகரின் வாசல்படி. எங்கள் மாமிக்கு வாசலில் வந்து மக்களைத் தேடி மருத்துவத்து அக்கா சுகர் பார்த்துவிட்டுப் போகிறார். உள்ளே 32 வயது மருமகளுக்கு ஏறிக்கொண்டிருப்பது யாருக்கும் தெரியவில்லை. பி.சி.ஓ.எஸ். என்று ஃபைலில் எழுதிய அன்றைக்கே அந்தக் குளுக்கோஸ் தண்ணியையும் எழுதிவிடுங்கள். பாயசத்தைத் தண்ணியாக்கிக் குடித்த மாதிரி குமட்டும், ஆனால் குடித்துவிடலாம்.

நான் படித்தவள், ஃபோனில் தேடிப் பார்க்கத் தெரிந்தவள், நர்ஸ் தங்கச்சி இருக்கிறாள். அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், காலையிலிருந்து குத்தவைத்துப் பருப்பு உடைக்கிற பெண்ணுக்கு இது ஒன்றும் இல்லை. குலசேகரம் பக்கம் விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிற பெண்ணிடம் "வாக்கிங் போங்க" என்று ஒரு டாக்டர் சொன்னதை அவளே என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அவள் ஒரு நாளைக்கு ஏறி இறங்குகிற மேடு உங்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு உங்களிடம் வருகிற ஒரு நாள் என்பது ஒரு நாள் கூலி. அந்தக் கூலியைக் கொடுத்து அவர்கள் வாங்கிப் போவது "வெயிட்டைக் குறைக்கவும்" என்கிற இரண்டு வார்த்தையாக இருக்கக் கூடாது. பத்தில் ஒரு பெண்ணுக்கு மேல் இது இருக்கிறது என்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்குக் குழந்தை பிறக்கிறது, சிலருக்கு மருந்தின் துணையோடு. இந்தக் கடைசி வரியை முதல் நாளே ஒரு டாக்டர் வாயால் கேட்டிருந்தால் நான் இத்தனை ராத்திரி விழித்திருக்க மாட்டேன். மாமியையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து அதையே சொல்லுங்கள். நான் சொன்னால் சமாளிப்பு, நீங்கள் சொன்னால் அது வேதவாக்கு.

எனக்கு இது மூன்றாவது மாத மாத்திரை. வருகிற வியாழக்கிழமை பன்னிரண்டாம் நாள் ஸ்கேன். முட்டை வளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அச்சகத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டேன். அவரும் வருகிறார்.

அப்புறம் அந்த எடை மிஷின். அதை டோக்கன் மேஜையிலிருந்து தூக்கி ஸ்கேன் அறைத் திரைக்குப் பின்னால் வைக்க ஒரு ஆள் போதும். சிஸ்டர் எழுதிக்கொண்டால் போதும், கூவ வேண்டாம். எங்கள் அச்சகத்தில் பேப்பர்க் கட்டு அதைவிடக் கனம், நாங்கள் தினமும் நகர்த்துகிறோம். ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள், நானே வந்து நகர்த்தித் தருகிறேன்.

இப்படிக்கு,
தக்கலையிலிருந்து உங்கள் நோயாளிகளில் ஒருத்தி